எட்டாம் நம்பர் கறுப்பு ஷூ

மூன்றாவது கடையிலும் அதே கேள்விதான். "யாருக்கு மேடம், சாருக்கா?" எனக்கு என்றேன். சேல்ஸ்மேன் என் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், காதோரம் மட்டும் சாயம் விட்டுப்போன தலை. "லேடீஸ் செருப்பு மாடியிலங்க." செருப்பு இல்லை, ஷூ, ஆபீசுக்குப் போடுகிற மாதிரி, கறுப்பு, ஒரிஜினல் லெதர், குதிகால் உயரம் வேண்டாம், பூ வேண்டாம், மினுக்கு வேண்டாம், எட்டாம் நம்பர். இரண்டு கடைகளில் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அவர் முகம் தெளிந்தது. "டிபார்ட்மெண்ட்டுங்களா?" என்னைப் போலீஸ் என்று நினைத்துவிட்டார். கரூரில் ஒரு பொம்பளை கறுப்பு ஷூ கேட்டால் அவள் போலீஸாக இருக்க வேண்டும், அல்லது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வாங்க வந்த அம்மாவாக இருக்க வேண்டும். இல்லீங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி என்றேன். எதற்கு உண்மையைச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆமாம், எஸ்.ஐ. என்று சொல்லியிருந்தால் மின்விசிறியையாவது என் பக்கம் திருப்பி வைத்திருப்பார். "உட்காருங்க, பாக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார். உட்கார்ந்தேன்.

போனவர் வருகிற வழியைக் காணோம். எதிரே தரையில் சாய்த்து வைத்த கண்ணாடி. அதில் முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது. புடவைக் கரை, அதற்குக் கீழே என் இரண்டு கால், நீலப் பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு. பார்க்க லட்சணமாக இல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். சிமெண்ட் தரையில் வருஷக்கணக்காக நின்று நின்று குதிகால் வலி வந்து, காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணி மேல் மிதிக்கிற மாதிரி இருந்து, டாக்டர் எழுதிக்கொடுத்துப் போடுகிற செருப்பு இது. யாருடைய சிமெண்ட் தரை? அவனுடையது. வாய் திறந்தால் சார், முதலாளி. மனசுக்குள்ளாவது அவன் என்று சொல்லிக்கொள்கிறேன், அதற்கும் யாராவது ரூல் போடட்டும். நவநீதன். பெரிய முதலாளி போன பிறகு கம்பெனி அவன் கைக்கு வந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து இறங்கியபோது மேஜை விரிப்புக்கும் திரைச்சீலைக்கும் எத்தனை நூல் போடுவார்கள் என்று தெரியாது. துணியைக் கையில் பிடித்து, கட்டைவிரலால் நெருடிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான். இன்று காலை பேக்கிங் செக்‌ஷனில், அத்தனை பெண்கள் மடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் நின்று, என் காலைப் பார்த்துச் சொல்கிறான்: "வாணி மேடம், நாளைக்கு ஜெர்மன் பையர் வர்றாங்க. இந்த ஆஸ்பத்திரி செருப்போட வந்து நிக்காதீங்க. நல்ல லெதர் ஷூ ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு வாங்க. முடியலைன்னா விடுங்க, ஜெகதீசன் பேசட்டும்." மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கவா முடியும். நான் என்ன சொன்னேன்? சரிங்க சார் என்றேன்.

சரிங்க சார். அதுதான் காலையிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அவன் சொன்னதைவிட நான் சொன்னதுதான் எரிகிறது. என்னென்னவோ சொல்லியிருக்கலாம். பையர் என் செருப்பையா வாங்க வருகிறார்கள் என்று கேட்டிருக்கலாம். நல்ல தரையாகப் போட்டுக்கொடுங்கள், நானும் நல்ல ஷூவாகப் போடுகிறேன் என்றிருக்கலாம். இதெல்லாம் பஸ்ஸில் வரும்போது தோன்றுகிறது, ஜவஹர் பஜாரில் நடக்கும்போது தோன்றுகிறது, அவன் முன்னால் நிற்கும்போது மட்டும் நாக்கு பாட்டுக்கு சரிங்க சார் என்றுவிடுகிறது. ஜெகதீசன் பேசட்டுமாம். ஜெகதீசன் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பையன்தான், மேடம் மேடம் என்று மரியாதையாகத்தான் இருப்பான், ஆனால் ஹெல்கா யார் என்று அவனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமாக அந்த ஜெர்மன்கார அம்மாள் எழுதுகிற மெயில் எல்லாம் டியர் வாணி என்றுதான் ஆரம்பிக்கும். முகம் பார்த்ததில்லை. அவள் கேட்கிற நீலம் எந்த நீலம், மழைக்கு முந்தின நீலமா சலவைக்கு அப்புறம் நிற்கிற நீலமா என்று எழுத்திலேயே எனக்குத் தெரியும். நாளைக்கு முதல் தடவையாக வருகிறாள். மெர்ச்சண்டைசிங் மேனேஜர் ரிட்டயர்டு ஆகிப் போய் அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. பையரோடு யார் உட்கார்ந்து பேசுகிறார்களோ அவர்கள்தான் இனிமேல் டிபார்ட்மெண்ட்டைப் பார்த்துக்கொள்வார்கள் என்று நவநீதனே மீட்டிங்கில் சொன்னான். ஆக, என் இருபது வருஷ உழைப்பு இப்போது ஒரு ஜோடி ஷூவில் வந்து நிற்கிறது. அந்த ஷூ இந்த ஊரில் இல்லை.

"இதைப் பாருங்க மேடம், சூப்பர் பீஸ்." பெட்டியைத் திறந்து மேல் காகிதத்தை விலக்கிக் காட்டினார். கறுப்பு, பளபளவென்று, எலி மூக்கு மாதிரி கூர்மையான முன்பக்கம். லெதரா என்றேன். "சுத்த லெதருங்க." கையில் வாங்கி, கணுக்கால் வருகிற விளிம்பில் தையல் கொஞ்சம் விட்டிருந்த இடத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே வலைவலையாகத் துணி. நெய்த துணி, அதுவும் மட்டமான ரகம். மேலே பிளாஸ்டிக் பூச்சு. "இது நெய்த பொருளுங்க. தோலுக்கு ஏதுங்க நெசவு?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்தில் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "இல்லீங்க மேடம், லெதர்தான், வேணும்னா நெருப்பு வச்சுக் காட்டட்டுங்களா?" என்று லைட்டரை எடுத்துவிட்டார். ஊரில் எல்லாக் கடையிலும் இந்த வித்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். அரை நொடி நெருப்பைக் காட்டி எடுத்தால் எதுவும் எரியாது, என் கையைக் காட்டினால்கூட எரியாது. வேண்டாம், வைங்க என்றேன். எல்லாரும் என்னிடம் துணியைக் காட்டித் தோல் என்கிறார்கள். முதல் கடையில் கட் ஷூ ஒன்றைக் காட்டி, ஜென்ட்ஸ் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள், மாட்டவும் சுலபம் கழற்றவும் சுலபம் என்றார்கள். இரண்டாவது கடையில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், "அக்கா, புடவைக்கு ஷூ நல்லாவா இருக்கும்?" என்று கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அதனால்தான் அவளிடம் கோபப்படவும் முடியவில்லை, அந்தக் கோபத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன்.

"லேடீஸ்ல ஏழுக்கு மேல வராதுங்க மேடம். ஏழு போட்டுப் பாருங்க, லெதரு, போடப்போட இளகிடும்." இந்தத் தடவை உண்மையிலேயே தோல்தான், விரலால் அமுக்கினால் மெல்லிசாகச் சுருக்கம் விழுந்து மறைந்தது. செருப்பை உதறிவிட்டுக் காலை நுழைத்தேன். பாதி போய் நின்றுவிட்டது. எட்டாம் நம்பர் கால். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அம்மா என்னைப் புடவையை நன்றாக இறக்கிக் கட்டச் சொன்னாள், தலையைக் குனி, காலைக் காட்டாதே. எப்படியும் கண்டுபிடித்துவிட்டார்கள். அம்மி மிதிக்கும்போது வீட்டுக்காரர் என் பாதத்தைத் தூக்கி வைக்க, பின்னாலிருந்து யாரோ, மாப்பிள்ளைக்குக் கை வலிக்கப் போகுது என்றார்கள், கல்யாண மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். அவருக்கு ஏழு, எனக்கு எட்டு. வாசலில் இரண்டு பேர் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் மாமியார் என்னுடையதை மட்டும் எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவார், வருகிறவர்கள் பார்ப்பார்களாம். எத்தனையோ வருஷம் காலையில் வேலைக்கு ஓடும்போது படிக்குக் கீழே குனிந்து, ஒட்டடைக்குள் கையை விட்டுச் செருப்பைத் தேடியிருக்கிறேன். அப்போதெல்லாம் கோபம் வரவில்லை, நேரமாகிறதே என்ற பதற்றம்தான் வந்தது. இப்போது வருகிறது. செத்துப்போன மாமியார் மேல் இந்தக் கடைக்குள் உட்கார்ந்து கோபம் வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், மெட்டி விரலில் அமுங்கி உயிர் போனது. சேல்ஸ்மேன் குனிந்து பார்த்தார். "மெட்டி தடுக்குதுங்க. கழட்டி பர்சுல போட்டுக்குங்க மேடம், டிபார்ட்மெண்ட் லேடீஸ் எல்லாம் அப்படித்தான் பண்றாங்க." ஐயோ, அது எப்படிங்க என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன மறுநொடி எரிச்சல். எப்படி என்றால்? முறுக்கிக் கழற்றினால் வந்துவிடும், அவ்வளவுதான். வீட்டில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இந்நேரம் டிவி முன்னால் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருப்பார், நான் ஜவஹர் பஜாரில் இரண்டு வெள்ளி வளையத்தைக் கழற்றினால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. தெரியும். இருந்தும் கை போகவில்லை. ஆம்பளைகளுக்கு ஷூ செய்கிறவன் ஆம்பளைக் காலைப் பார்த்துச் செய்கிறான், பொம்பளைக்குச் செய்கிறவன் மட்டும் விரலில் மெட்டி இருக்கும் என்பதையே பார்க்காமல் இந்த ஊரில் விற்கிறான். அதற்கும் நான்தான் ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும்.

"ஜென்ட்ஸ்ல எட்டு எடுங்க" என்றேன். "ஜென்ட்ஸுலயா?" ஆமாம், ஜென்ட்ஸில், லேஸ் வைத்தது, முன்பக்கம் அகலமாக. கால் என்னுடையது, போடப்போவது நான், எடுங்க. இந்தத் தடவை குரல் தாராளமாகவே உயர்ந்தது. பெல்ட்காரர் பெல்ட்டை வைத்துவிட்டே போய்விட்டார். சேல்ஸ்மேன் ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, தூசியை ஊதிவிட்டுத் தந்தார். "இது போகாத ஐட்டமுங்க. லேஸ் வச்சத யாரும் கேக்கறதில்ல, அடிக்கடி கழட்டி மாட்டச் சிரமம்ங்கறாங்க. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்னு வச்சிருந்தேன்." கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. வாசனையிலேயே தெரிந்துவிட்டது. உள்புறமும் தோல், விளிம்பில் தையல் எண்ணி எடுத்த மாதிரி ஒரே இடைவெளி, ஒரு நூல் பிசிறில்லை. அலமாரியில் கிடந்த சாக்ஸ் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு காலை நுழைத்தேன். போயிற்று. மெட்டியோடு போயிற்று. குதிகால் பின்பக்கம் சரியாகப் போய் உட்கார்ந்தது, விரல்கள் ஐந்தும் பிரிந்து கிடந்தன, வலிக்கிற இடத்துக்குக் கீழே மெத்தென்று இருந்தது. லேஸை இழுத்துக் கட்டி எழுந்து நின்றேன். கண்ணாடியில் ஒரு காலில் கறுப்பு ஷூ, ஒரு காலில் எதுவும் இல்லை, மேலே புடவைக் கரை. சிரிப்பு வரவில்லை. நன்றாக இருந்தது. என் கால் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சரியான அளவில் இருந்தது. "நல்லாத்தாங்க இருக்குது" என்றார் அவர், அவருக்கே ஆச்சரியமாக இருந்தது போல.

நாளைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டேன். சாம்பல் நிறப் புடவை, அதுதான் இதற்குச் சரியாக வரும். கீழே கார் வந்து நிற்கும், நவநீதன் மாலையோடு ஓடுவான், சந்தனம் குங்குமம் எல்லாம் கொடுத்து மேலே அழைத்து வருவான். நான் எப்போதும்போல சாம்பிள் ரூமில் விரிப்புகளை எல்லாம் பரத்தி வைத்துக் காத்திருப்பேன். ஹெல்கா மாடிப்படி ஏறி வருவாள். கதவுக்கு வெளியே நின்று, குனிந்து, ஷூவைக் கழற்றுவாள். கழற்றுவாள். இங்கே வந்து மனசு நின்றுவிட்டது. சாம்பிள் ரூமுக்குள் யாரும் ஷூ போட்டுக்கொண்டு வருவதில்லை. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்திருக்கும், சுவரில் பெரிய முதலாளி படம், கீழே விளக்கு. முதலாளியே கழற்றிவிட்டுத்தான் வருவான், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் கட் ஷூவாக வாங்குவதே அதற்காகத்தான். போன வருஷம் வந்த பிரான்ஸ்காரர் ஒருத்தர் சாக்ஸில் ஓட்டை விழுந்து கட்டைவிரல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, ஒரு மணி நேரம் திரைச்சீலை பார்த்துவிட்டுப் போனார். நான் பையர் வருவதற்கு முன்னாலேயே உள்ளே இருப்பேன். என் ஷூ வாசலில் மர ஸ்டாண்டில், நாற்பது ஜோடிகளோடு கிடக்கும். ஒரு கண்ணும் பார்க்காது. தினமும் நாலு தடவை கழற்றிப் போட்டு, பழகிப் பழகி, எனக்கே அந்த இடம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. வெறும் காலோடு உட்காரப்போகிற அறைக்காக மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன். அவனும் மறந்திருப்பானா? பேச்சுவாக்கில் சொல்லியிருப்பானா? மறந்திருப்பான் என்று நினைக்கத்தான் ஆசையாக இருந்தது. கையோடு ஒரு பயமும் வந்தது, மறக்கவில்லை என்றால் காலையில் எதற்குச் சொன்னான் என்று. அப்போதுதான் போன் அடித்தது, ஜெகதீசன்.

"மேடம், கடையில இருக்கீங்களா? ஒரு சின்ன டவுட்டுங்க. போன வருஷம் அந்த நீல விரிப்பு ரெண்டு லாட்டும் ஷேட் மாறிப்போச்சுங்களே, அதை ஹெல்காகிட்ட என்ன சொல்லிச் சரி பண்ணீங்க? நாளைக்கு அதைத்தான் முதல்ல கேப்பாங்கன்னு சார் சொல்றாரு. பக்கத்துலதான் இருக்காரு." நாளைக்கு நீங்களா பேசறீங்க என்று கேட்டேன். குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது. "ஆமாங்க மேடம். சார் போன வாரமே சொல்லிட்டாருங்களே. உங்ககிட்ட சொல்லலீங்களா?" போன வாரமே. போன வாரமே முடிவு பண்ணிவிட்டு, அதைச் சொல்ல தைரியம் இல்லாமல், ஒரு வாரம் கழித்து என் காலைப் பார்த்திருக்கிறான். நான் ஷூ வாங்கிப் போனால் பாலிஷ் சரியில்லை என்பான், பாலிஷ் போட்டால் புடவை என்பான். ஜெகதீசன் அந்தப் பக்கம் காத்திருக்கிறான், பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உண்மையைச் சொன்னேன், தண்ணீர் மாறிப்போனதால் சாயம் மாறிவிட்டது, கரும் நீலத்தை விரிப்பாகவும் வெளிர் நீலத்தைக் கைத்துணியாகவும் வைத்து ஜோடியாக விற்றுப் பார் என்று ஹெல்காவுக்கு எழுதினேன், அவள் ஒத்துக்கொண்டாள், அப்புறம் அதையே மறுபடி மறுபடி ஆர்டர் போட்டாள். இரண்டு வாக்கியம். எப்போதும்போலச் சொல்லிவிட்டால் நாளைக்கு அவன் அழகாகச் சொல்வான், நவநீதன் தலையாட்டுவான், நான் விரிப்பு மடித்துக்கொண்டிருப்பேன். வாய் திறந்துகூட விட்டது, சரிங்க என்று ஆரம்பிக்கிற அதே வாய். மூடிக்கொண்டேன். ஹெல்கா அறைக்குள் வந்ததும் வாணி எங்கே என்றுதான் கேட்பாள், அது எனக்குத் தெரியும். அவள் கேட்கட்டும். "மேடம்? லைன்ல இருக்கீங்களா? சார் கேக்கறாரு, என்ன சொல்றது?"

"ஷூ இன்னும் கிடைக்கலையாம், தேடிட்டு இருக்காங்களாம்னு சாருகிட்ட சொல்லுங்க" என்றேன். போனை வைத்துவிட்டு, இரண்டாவது ஷூவையும் போட்டு லேஸைக் கட்ட ஆரம்பித்தேன்.